விளையாட்டுக் கணினியும் சிறு முதலும்

கணினியில் விளையாடுவதை வீண்பொழுது என்று ஒதுக்குவோர் உளர். பரீட்சைக்குக் கேடு என்று அஞ்சும் பெற்றோரும் உளர். அவ்விவாதம் வேறு. விளையாட்டுக்கு ஏற்ற கணினியொன்றை ஆயத்தமாக வாங்காது, உறுப்புக்களைத் தனித்தனியே தெரிந்தெடுத்து முதன்முறையாகத் தாமே பொருத்திக்கொள்ள எண்ணுவோர் அறியவேண்டியவையே இங்கு ஆராயப்படுகின்றன. இவர்களுட் பெரும்பாலார் மாணவர், அல்லது அண்மையில் உழைக்கத் தொடங்கியவர். கையிலுள்ள பணம் ஈராண்டோ மூவாண்டோ சேர்த்த பணம். ஓர் உறுப்பைப் பிழையாக வாங்கிவிட்டால் அதை மாற்றி வாங்க இன்னொரு முதல் அவர்களிடம் இல்லை.

கடைகளின் முகப்பிலே கண்ணாடிப் பெட்டிக்குள் பலநிற விளக்குகள் சுழன்றொளிரும் கணினிகள் நிற்பதைக் காணலாம். இளைஞர் மனத்தை முதலிற் கவர்வது அவ்வொளியே. அதே விலையில் அருகே நிற்கும் வெறுங் கறுப்புப் பெட்டியொன்று படங்களை அதனினும் மிக விரைவாக வரையக்கூடும். அதனைத் திரும்பிப் பார்ப்பார் இலர். விளக்குக்கும் கண்ணாடிக்கும் கொடுத்த பணம் வேறோர் உறுப்பிலிருந்து எடுத்த பணமேயாகும். சிறு முதலிற் கணினி பொருத்துவது பெரும்பாலும் பங்கீட்டுக் கணக்குத்தான். அக்கணக்கைப் போடுவதற்கு எவ்வுறுப்பு எவ்வேலையைச் செய்கின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

கணக்கு திரையிலிருந்து தொடங்குகின்றது. மொனிற்றர் எனப்படும் திரைகளுள் இன்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள் கொண்டவை. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 21 இலட்சம் புள்ளிகள். படம் அசைவதாகக் கண்ணுக்குத் தோன்றவேண்டுமாயின் அத்தனை புள்ளிகளும் செக்கனுக்கு 60 தடவையாவது புதிதாக வரையப்படல் நன்று. அதாவது செக்கனுக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். ‘நான்கு கே’ என்று விற்கப்படும் திரையிலோ புள்ளிகள் இதனினும் நான்கு மடங்கு. செக்கனுக்கு 144 தடவை புதுப்பிக்கும் திரைகளும் உண்டு. திரை பெருகப் பெருக வரையும் உறுப்பின் சுமையும் பெருகும். சிறு முதலுடையோர் 1920க்கு 1080 என்ற அளவோடு நின்றுவிடுதல் அறிவுடைமை. எவ்வகை விளையாட்டு என்பதையும் இங்கேயே தீர்மானித்தல் வேண்டும். ‘வலோரன்ற்’, ‘கவுன்ரர் ஸ்ரைக்’ போன்ற போட்டி விளையாட்டுக்கள் எளிய கணினியிலும் ஓடும். ‘சைபர்பங்க் 2077’ போன்ற கதைவிளையாட்டுக்கள் அவ்வாறல்ல.

கணினிக்குள் இவ்வேலையைச் செய்யும் இருவர் உளர். கூத்தொன்றை எண்ணிப் பார்க்கலாம். எவர் எப்பொழுது களரிக்கு வருவது, எங்கே நிற்பது, எவர் எவரை வீழ்த்துவது என்பவற்றையெல்லாம் நடத்துபவர் அண்ணாவியார். பின்னே தொங்கும் திரைச்சீலையை எழுதுபவர் ஓவியர். கணினியில் அண்ணாவியாரின் இடத்தில் இருப்பது புரொசசர் என்று கடைகளிற் கூறப்படும் செயலி. ஓவியரின் இடத்தில் இருப்பது கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் வரைகலை அட்டை. ஒரே வேறுபாடு, இங்கே காட்சிக்கொரு சீலை போதாது. செக்கனுக்கு அறுபது சீலை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் 17 பங்குக்கும் குறைவு. இருவருள் ஒருவர் பிந்தினாலும் படம் பிந்தும். விரைந்த ஓவியரைத் தளர்ந்த அண்ணாவியாரோடு சேர்த்தால் ஓவியர் தூரிகையோடு காத்திருப்பார். விலை கொடுத்து வாங்கிய அவருடைய விரைவு பயன்படாது போகும். மாறாக, மிகச் சிறந்த செயலியை வாங்கிவிட்டு அட்டைக்குப் பணமில்லாது நின்றாலும் முடிவு அதுவே. ஆயினும் பெரும்பாலான கதைவிளையாட்டுக்களில் அதிக சுமையைத் தாங்குபவர் ஓவியரே. ஆதலின், திரை நீங்கலாகச் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் முப்பத்தைந்து முதல் நாற்பது வரை வரைகலை அட்டைக்கு ஒதுக்குதல் முறை.

அட்டையைத் தெரிவதே இம்முயற்சியில் மிகக் கடினமான பகுதி. காரணம் அட்டைகளின் பெயர்கள். ஒரே பெயருக்குள் இருவேறு பொருள்கள் ஒளிந்திருக்கும். என்விடியா நிறுவனத்தின் ‘ஜீ.ரி. 1030’ 2017இல் வெளிவந்தது; மறு ஆண்டு அதே பெயரில் வேறு வகை நினைவகம் பூட்டிய அட்டை வந்தது. முன்னையது செக்கனுக்கு 48 ஜிகாபைற் தரவை நினைவகத்திலிருந்து எடுக்கவல்லது. பின்னையது ஏறக்குறைய 17 மாத்திரமே. பெட்டியின்மேற் பெயர் ஒன்றே. 2016இல் வந்த ‘ஜீ.ரி.எக்ஸ். 1060’ 6 ஜிகாபைற், 3 ஜிகாபைற் என இரு வகையில் விற்கப்பட்டது. வேறுபாடு நினைவகத்தில் மட்டும் என்று வாங்கினோர் எண்ணினர். உண்மையிற் சிறியதில் வரையும் கருக்களும் 1280இலிருந்து 1152ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. ‘ஆர்.ரி.எக்ஸ். 3060’ 2021இல் 12 ஜிகாபைற்றோடு வந்தது. அடுத்த ஆண்டு வந்த 8 ஜிகாபைற் வகையில் நினைவகத்துக்குச் செல்லும் பாதையே ஒடுக்கப்பட்டிருந்தது. பழைய அட்டை தேடுவோர் இன்றும் இவற்றை எதிர்ப்படுவர். பெயரை மாத்திரம் சொல்லி விலை கேட்பது போதாது. நினைவகத்தின் அளவையும் வகையையும் கேட்டறிந்து, அவ்வகைக்கே உரிய சோதனை முடிவுகளைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

அட்டையின் நினைவகம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? புதிய கதைவிளையாட்டுக்களை எண்ணுவோர் 8 ஜிகாபைற்றுக்குக் கீழே இறங்காதிருத்தல் நல்லது. 2022இல் வந்த ‘ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி.’ இதற்கொரு பாடம். 4 ஜிகாபைற்றே உடைய அவ்வட்டை தாய்ப்பலகையோடு பேசும் வழிகளும் நான்கே. நினைவகம் நிரம்பியவுடன் தரவு அவ்வொடுங்கிய வழியாலே வந்துபோக வேண்டியிருந்தது. வழி விரைவாயிருந்த புதிய பலகைகளில் ஒருவாறு சமாளித்த அது, பழைய பலகைகளிற் கண்கூடாகத் தளர்ந்தது. மலிவான அட்டையைப் பழைய பலகையிற் பூட்டுவோர் மலிவை நாடும் ஏழை மாணவரே என்பதைச் செய்தோர் எண்ணினாரில்லை போலும்.

எடுத்துக்காட்டாக ஓர் இணைப்பை நோக்கலாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ‘ஆர்.எக்ஸ். 6600’ 2021 ஒக்ரோபரில் வெளிவந்தது. 8 ஜிகாபைற் நினைவகம். மின் தேவை 132 வாற்று. வயதாகிவிட்டபோதிலும் 1920க்கு 1080 திரையிற் பெரும்பாலான விளையாட்டுக்களை நன்கு ஓட்டவல்லது. அதனோடு அதே நிறுவனத்தின் ‘ரைசன் 5 5600’ என்னும் செயலி பொருந்தும். 2022இல் வந்த இச்செயலிக்கு ஆறு கருக்கள். குளிர்விக்கும் விசிறியும் பெட்டியோடு வரும். இவ்விரண்டும் ஒன்றையொன்று காத்திருக்கச் செய்வதில்லை. இதைவிடப் புதிய மலிவான அட்டைகளும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2024 டிசெம்பரில் வெளியிட்ட ‘ஆர்க் பி580’ 12 ஜிகாபைற் நினைவகமுடையது. கொடுக்கும் விலைக்கு நல்ல அட்டை. ஆனால் அது செயலியிடம் அதிக வேலை வாங்கும் இயல்பினது. பழைய செயலியோடு சேர்த்தால் அதன் முழுத் திறன் வெளிப்படாதென்பது வெளியான சில கிழமைகளுள்ளேயே சோதனைகளிற் தெரியவந்தது. அட்டையைத் தனியே நோக்காது துணையோடு சேர்த்து நோக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

பாவித்த அட்டையை வாங்கலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. எதீரியம் என்னும் எண்மப் பணத்தை உண்டாக்குவதற்காக இரவுபகலாய் ஓடிய அட்டைகள் பல, 2022 செப்ரெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டதும் உலகச் சந்தைக்கு வந்து குவிந்தன. அவ்வாறு உழைத்த அட்டை கெட்டதென்று தள்ளிவிடவும் முடியாது. நல்லதென்று கண்ணை மூடி வாங்கவும் முடியாது. பணம் கொடுப்பதற்குமுன் அரை மணி நேரமாவது கனமான விளையாட்டொன்றை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். திரையில் வண்ணச் சிதறல்களோ கோடுகளோ தோன்றுகின்றனவா, விசிறிகள் உரசி ஒலிக்கின்றனவா, வெப்பம் எதுவரை ஏறுகின்றது என்பவற்றைக் கவனிக்கலாம். வேறொரு மோசடியும் உண்டு. பத்தாண்டுக்கு மேற்பட்ட அட்டையின் உள்ளெழுத்தை மாற்றிப் புதிய பெயரைச் சொல்லும்படி செய்து விற்பர். ‘ஜீ.பி.யூ.-இசட்’ என்னும் இலவச மென்பொருள் அத்தகைய போலிகளுட் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காது திரும்புவதே மேல்.

அட்டைக்கும் செயலிக்கும் ஒரே வேளையிற் பணம் கூடாதோருக்கு ஒரு வழியுண்டு. செயலிகளின் பெயரீற்றில் நிற்கும் எழுத்தைக் கவனித்தல் வேண்டும். இன்டெல் செயலிகளில் ‘எஃப்’ என்று முடிபவை தாமாகப் படம் வரையமாட்டா. அட்டையின்றேல் திரை இருண்டே கிடக்கும். மேற்கூறிய ‘ரைசன் 5 5600’உம் ஈற்றெழுத்தின்றியே அத்தன்மையது. ‘5600ஜீ’ என்பதோ சிறியதொரு வரையும் பகுதியைத் தன்னுள்ளே கொண்டது. அதனை முதலில் வாங்கி எளிய விளையாட்டுக்களோடு சில மாதம் பொறுத்திருந்து பின்னர் அட்டையைச் சேர்க்கலாம். இதற்கு விலையில்லாமலில்லை. ‘5600’இல் 32 மெகாபைற்றாக உள்ள உள்நினைவு இதில் 16 மாத்திரமே, அட்டையோடு பேசும் வழியும் ஒரு தலைமுறை பழையது. அட்டை பூட்டியபின் சற்றுத் தளர்ந்தே ஓடும். ஒரு வருடம் வெறுமனே காத்திருப்பதினும் இது நன்று என்று கொள்வோர் கொள்ளலாம்.

தாய்ப்பலகையைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அது விளையாட்டை விரைவுபடுத்துவதில்லை. ஆனால் செயலிக்குப் பொருந்தாததை வாங்கினால் எல்லாம் வீண். மேற்கூறிய செயலிக்கு ‘ஏ.எம்.4’ என்னும் பொருத்துவாயுடைய பலகை வேண்டும். ‘பி550’ வகையில் எளியதொன்று போதும். பழைய ‘பி450’ பலகையும் ஏற்கும். எனினும் அதிலுள்ள பயோஸ் பழையதாயின் புதிய செயலியை அது அறியாது. கடையிலேயே புதுப்பித்துத் தரும்படி கேட்டுக்கொள்ளல் வேண்டும். 2022இல் வந்த ‘ஏ.எம்.5’ வாயுடைய பலகைகள் பின்னாளிற் செயலியை மாற்ற இடந்தருபவை. ஆனால் அவை டி.டி.ஆர்.5 நினைவகத்தை மாத்திரமே ஏற்பவை. 2025இன் பிற்பகுதியிற் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் சடுதியாக ஏறியது. ஆதலின், மிகச் சிறு முதலுடையோர் பாவித்த டி.டி.ஆர்.4 நினைவகத்தோடு பழைய வாயை நாடுவதைக் குறைகூறுவதற்கில்லை.

ராம் எனப்படும் அந்நினைவகம் 16 ஜிகாபைற் இருத்தல் வேண்டும். 16 கொண்ட ஒரே சட்டத்தினும் 8 கொண்ட சட்டங்கள் இரண்டு சிறந்தவை. செயலி இரு வழியாலும் ஒருங்கே தரவை எடுக்கும். 5600ஜீ போல் உள்ளிருந்தே வரையும் செயலிக்கு இது இன்றியமையாதது. சட்டத்தின்மேல் 3200 என்று எழுதியிருந்தாலும் பூட்டியவுடன் அது பெரும்பாலும் 2133 அல்லது 2400, 2666 என்ற குறைந்த வேகத்திலேயே ஓடும். பயோஸினுட் சென்று ‘எக்ஸ்.எம்.பி.’ என்பதை ஒருமுறை இயக்கிவிட்டால் சொன்ன வேகம் கிடைக்கும். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தாமலே இருப்போர் பலர்.

பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியே முதன்முறை வாங்குவோர் எல்லாவற்றுக்கும் பின்னே நினைப்பது. அதனாற் படம் அழகாவதில்லை. ஆனால் கெட்டுப்போகும்போது மற்றெல்லா உறுப்புக்களையும் உடன் அழைத்துச் செல்லவல்லது இதுவொன்றே. மலிவான பெட்டிகளோடு இனாமாக வரும் சில வழங்கிகளில் 500 வாற்று என்று பெரிய எழுத்திற் பொறித்திருக்கும். பக்கத்தே ஒட்டிய சீட்டை நோக்குதல் வேண்டும். செயலியும் அட்டையும் உண்பது 12 வோல்ற்று மின். அவ்வரிசையில் 20 அம்பியர் என்று எழுதியிருந்தால் 12ஐ 20ஆற் பெருக்க வருவது 240 வாற்று. எஞ்சியது பயன்படா வரிசைகளிற் காட்டிய கணக்கு. நேர்மையான 550 வாற்று வழங்கியில் 12 வோல்ற்று வரிசையில் 45 அம்பியர் அளவில் எழுதியிருக்கும். அது 540 வாற்று. மேற்கூறிய இணைப்பு முழுச் சுமையிலும் 300 வாற்றை அணுகுவது அரிது. ஆதலின் 750, 850 என்று தேடவேண்டியதில்லை. நல்ல நிறுவனத்தின் 500 அல்லது 550 வாற்று போதும். ‘80 பிளஸ்’ என்ற முத்திரை மின் வீணாகாமையைக் குறிப்பதேயன்றி, உள்ளே பாதுகாப்புச் சுற்றுக்கள் உண்டென்பதற்கு உறுதியன்று.

இலங்கையில் வீட்டு மின் 230 வோல்ற்று. நிலத்தொடுப்புக் கம்பி சரியாக இல்லாத வீடுகளில் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலிற் சுரீரென்று ஒரு கூச்சம் தோன்றும். அதனைச் சிறிதென்று விடாது மின்வேலை தெரிந்தவரை அழைத்தல் வேண்டும். யூ.பி.எஸ். வாங்குவோர் அதில் எழுதிய 650 என்ற எண்ணை வாற்று என்று கொள்ளலாகாது. அது வோல்ற்றும் அம்பியரும் பெருக்கிய அளவு. சிறிய யூ.பி.எஸ்.கள் பெரும்பாலும் அதில் 60 சதவீதம் அளவே வாற்றாகத் தருபவை.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றே வேண்டும், சுழலும் வன்தட்டில் விளையாட்டை வைக்கும் காலம் போய்விட்டது. 2023இல் வந்த ‘போல்டர்ஸ் கேற் 3’ மட்டும் 150 ஜிகாபைற் இடம் கேட்கின்றது. 500 ஜிகாபைற் விரைவில் நிரம்பும். 1000 கிடைக்குமாயின் நன்று. பெட்டியைப் பொறுத்தவரை முன்பக்கம் கண்ணாடியாலன்றி வலையால் அமைந்திருத்தல் வேண்டும். வெளிக்காற்றே 30 பாகைக்கு மேல் வெம்மையாயிருக்கும் நாட்டிற் காற்றை மறிக்கும் கண்ணாடி என்ன பயன் தரும்?

அலுவலகங்கள் கழித்த பழைய கணினியொன்றை மலிவாக வாங்கி அதனுள் அட்டையைச் செருகும் வழியையும் சிலர் நாடுவர். அது தகாத வழியன்று. ஆயினும் அவற்றுட் பலவற்றின் மின்வழங்கி அந்நிறுவனத்துக்கே உரிய அமைப்பினது. வெளியே வாங்கி மாற்றமுடியாது. அட்டைக்குத் தனி மின்கம்பியும் இராது. பலகையின் வாய் தருவது 75 வாற்று மாத்திரமே. அவ்வளவுக்குள் அடங்கும் அட்டைகள் சில உண்டு. 2024இல் வந்த ‘ஆர்.ரி.எக்ஸ். 3050’இன் 6 ஜிகாபைற் வகை 70 வாற்றோடு அமைவது; ஆனால் அதே பெயருடைய 8 ஜிகாபைற் வகை இதனினும் விரைவானது, அதிக மின்னும் கேட்பது. பெயரின் பொறி இங்கும் உண்டு. பெட்டி ஒடுங்கியதாயின் குட்டையான அட்டையா என்று அளந்து பார்த்தே வாங்கல் வேண்டும்.

உறுப்புக்களையெல்லாம் ஒரே நாளில் வாங்கவேண்டும் என்பதில்லை. எனினும் முதல் உறுப்பை வாங்கிக் கடைசி உறுப்பு வருமுன் ஆறு மாதம் சென்றால், முதலாவது பழுதென்பது தெரியவரும் வேளையில் மாற்றித்தரும் தவணை முடிந்திருக்கும். சேர்த்து வைத்துச் சில நாட்களுள் வாங்கி உடனே இயக்கிப் பார்ப்பதே பாதுகாப்பு. பற்றுச்சீட்டுக்களையும் வெறும் பெட்டிகளையும் எறிந்துவிடலாகாது.

எல்லாம் பூட்டி முடிந்தபின் திரையின் கம்பியைச் செருகுமிடத்திலே ஒரு வழுக்கல் உண்டு. பெட்டியின் பின்னே மேற்பக்கத்தில் தாய்ப்பலகைக்குரிய வாய் ஒன்றும், அதற்குக் கீழே வரைகலை அட்டைக்குரிய வாய்கள் சிலவும் இருக்கும். கைக்கு முதலில் எட்டும் மேல்வாயிற் செருகினால், 5600 போன்ற செயலியில் திரை இருண்டிருக்கும். கணினி கெட்டுவிட்டதென்று எண்ணி எல்லாவற்றையும் கழற்றத் தொடங்குவர். 5600ஜீ போன்ற செயலியிற் படம் தோன்றும். ஆனால் வரைவது உள்ளேயுள்ள சிறிய பகுதி, வாங்கிய அட்டையோ சும்மா கிடக்கும். கம்பி செல்லவேண்டியது கீழ்வாய்க்கு. 144 ஹேர்ட்ஸ் திரை வாங்கியோர் விண்டோஸின் திரையமைப்புப் பக்கத்தையும் அப்பொழுதே திறந்து பார்த்தல் வேண்டும். அங்கே பெரும்பாலும் 60 என்றே இருக்கும்.